மழைக்கு முந்தின ஓட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யார் மூலமாவது உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் கேவலம். பத்தாம் வகுப்பு படிக்கும்போது, ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, என் இரண்டு கால்களையும் கணுக்கால்வரை ரப்பர் பாலில் முக்கி வெயிலில் காயவைத்தேன். காய்ந்தால் ஷூ ஆகிவிடும் என்பது என் எண்ணம். யாரும் சொல்லித்தந்து என்னைக் கெடுக்கவில்லை. சொந்த மூளை.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம் முழங்கால். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மகள் ஒரு ஜோடி ஷூவும், நான் எத்தனை அடி வைத்தேன் என்று எண்ணிக் குற்றம் சொல்கிற கைக்கடிகாரம் ஒன்றும் வாங்கி அனுப்பினாள். என் வயதுக்காரர்களே, உங்கள் கையிலும் அது இருக்கிறது, தெரியும். சோபாவில் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டி அதை ஏமாற்றுகிறவர்கள் யார் யார் என்பதும் தெரியும். ஷூ வந்த அன்று, பெட்டியைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம், ஒன்றைக் கவிழ்த்து அடிப்பாகத்தை மோந்து பார்த்தது. வீடியோ அழைப்பில் இருந்த மகள், "அம்மா, எதுக்கு ஷூவ மோந்து பாக்க?" என்றாள். தெரிந்தவர்தானா என்று பார்த்தேன் என்று சொல்லிவைத்தேன்.

தெரிந்தவர்தான்.

குலசேகரத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில், பஸ் நின்று மூச்சு வாங்கும் ஒரு ஏற்றத்தில் இறங்கி, மேலும் ஏறினால் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் விளை. சரிவைப் படிபடியாக வெட்டித் தட்டுத் தட்டாக்கி, ஒவ்வொரு தட்டிலும் வரிசையாக ரப்பர் மரங்கள். அப்பா விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மரத்தின் பட்டையிலும் கத்தியால் ஒரு கோடு இழுப்பார். பால் அந்தக் கோட்டுவழியே இறங்கி, கீழே கம்பியில் செருகியிருக்கும் தேங்காய்ச் சிரட்டையில் சொட்டும். காலைப் பலகாரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் சிரட்டைகள் நிறைந்திருக்கும். வாளியில் ஊற்றிக்கொண்டு வந்து, உறையவைத்து, ரோலரில் கொடுத்து, ஷீட்டாக்கிக் கொடியில் காயப்போட்டால் ஒரு நாள் வேலை முடிந்தது. வெயிலில் துணி காய்கிற வீட்டைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் வாசல் மிதியடிகள் காய்வதுபோல இருக்கும். வாசனையைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். நாங்கள் அந்த வாசனையோடு கோயிலுக்குப் போய் முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் முகம் சுளித்ததில்லை, ஏனென்றால் பின்பெஞ்சுக்காரர்களும் அதே வாசனை.

சங்கடம் மழைதான். பால் சொட்டிக்கொண்டிருக்கும்போது மழை வந்துவிட்டால், சிரட்டையில் வெள்ளம் நிறைந்து (எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர்) பால் அத்தனையும் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். மரத்துக்குப் பாவாடை கட்டுவதுபோல பிளாஸ்டிக் சுற்றி மழையைத் தடுக்கிற முறை அப்போதே வந்திருந்தது. அப்பா கட்டவில்லை. "மரத்துக்கு மூச்சு முட்டும்" என்றார். அப்பாவுக்கு மரத்தின் மூச்சும் தெரியும், வானத்தின் மனசும் தெரியும். முற்றத்தில் நின்று மலைப்பக்கம் பார்த்து, "இன்னைக்கு மழ இல்ல" என்று அவர் சொன்னால், அம்மா சத்தமில்லாமல் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் போவாள்.

எங்கள் சபையில் பாதிப் பேருக்கு நெல்வயல், பாதிப் பேருக்கு ரப்பர். ஜெபத்தில் ஒரு பக்கம் மழை கேட்கும், மறுபக்கம் வேண்டாம் என்று கேட்கும். போதகர் நல்ல மனுஷன். "ஏற்ற வேளையில் ஏற்ற மழை" என்று பொதுவாக முடித்துவிடுவார். கடவுள் பெரும்பாலும் நெல்லுக்காரர்கள் பக்கமே இருந்தார் என்பது என் அனுபவம்.

"மழ வருது, பால் எடு!"

இந்த ஒரு சத்தத்துக்கு நான் வளர்க்கப்பட்டேன் என்றே சொல்லலாம். சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டுக்கு ஓட வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு மரமாக ஊற்றிக்கொண்டே கீழே. வாளி நிறைய நிறைய வேகம் கூட வேண்டும். ஆனால் ஒரு துளி சிந்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே சூறாவளி, இடுப்புக்கு மேலே ஞாயிறு ஆராதனை. அப்படி ஓடிப் பழகியவள் நான்.

பள்ளிக்கூடத்திலும் இதுவே வழக்கம். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் பட்டை காய்ந்து வெட்டுவதற்கு நேரமாகிவிடும். மதியத்துக்கு முன்னால் பால் எடுக்க முடியாது. அன்று பார்த்து மலை கறுக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சார், பால் எடுக்கணும்" என்றால் போதும். மற்ற வாத்தியார்கள் முனகுவார்கள். கணக்கு சார் முனகமாட்டார். எங்கள் விளைக்கு அடுத்த விளை அவருடையது.

"ரப்பர் உள்ளவங்க எல்லாரும் போலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் சார் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருப்பார். கரும்பலகையில் பாதிக் கணக்கு அப்படியே நிற்கும். நான் இன்றுவரை கண்டுபிடிக்காத பல எக்ஸ்கள் அந்தப் பலகையில்தான் நிற்கின்றன.

என்னை ஓட்டக்காரி என்று கண்டுபிடித்ததும் மழைதான். அதுவரை பி.டி. டீச்சர் என் கைகளைப் பார்த்து (வாளி தூக்கிய கைகள்) குண்டு எறிய விட்டிருந்தார். நான் எறிந்த குண்டு என் காலுக்கு ரொம்பப் பக்கத்தில் விழும். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கைதட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் மழை கறுத்தபோது, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தார்: நான் கணக்கு சாரின் சைக்கிளை முந்திக்கொண்டு போனேன். ஏற்றத்தில். மறுநாள் என் பெயர் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் இருந்தது.

அந்த வருடத்து வட்டாரப் போட்டியை நான் சுருக்கமாகவே சொல்வேன். சின்ன மைதானம், ஐந்து சுற்று. நான் முதலில் ஓடினேன். எல்லாருக்கும் முன்னால். கோட்டைத் தாண்டினேன், நின்றேன், இரண்டு கைகளையும் உயர்த்தினேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கூட்டுக்காரி ஓரத்தில் நின்று குதித்துக் குதித்துக் கத்தினாள். என் வெற்றியை இப்படிக் கொண்டாடுகிறாளே என்று மனசு நிறைந்து அவளுக்குக் கையாட்டினேன். அவள் கத்தியது, "ஓடுட்டி சவமே! இன்னும் ஒரு ரவுண்டு உண்டு!" என்று. அது காதில் விழுந்தபோது மற்றவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். அதில் ஒருத்தி போகிற போக்கில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். கடற்கரைப் பள்ளிக்காரி, இனயம் பக்கம். கணுக்கால் ஒவ்வொன்றும் தூண்போல. அவள்தான் கப் வாங்கினாள்.

அந்தக் கப்தான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இருந்ததெல்லாம் அக்காவின் கப்புகள்: பாட்டுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, ஓய்வுநாள் பள்ளியில் பைபிள் சங்கீதம் தப்பில்லாமல் சொன்னதற்கு வரிசையாக. சனிக்கிழமைதோறும் அவற்றைத் துடைத்து வைப்பது என் வேலை. வீட்டுக்கு வருகிற எல்லாரும் அலமாரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "இவளுக்கு உள்ளது எது?" என்பார்கள். அம்மா, "இவளுக்குத் தொடைக்க உள்ள துணி" என்பாள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். துடைக்கும்போது ஓர் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு மற்றதை நெருக்கி வைப்பேன். அக்கா அடுத்த வாரமே அங்கே ஒன்றைக் கொண்டுவந்து வைப்பாள்.

நாலு சுற்றோடு நின்ற கதை வீட்டுக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அஞ்சு வர எண்ணத் தெரியாதவளுக்கு ஓட்டம் என்னத்துக்கு? மொதல்ல கணக்குல பாஸ் ஆவு மக்கா. காப்பரீட்சையில பாஸ் ஆனா ஓடு. இல்லேங்கி மைதானத்துப் பக்கம் கால வைக்கப்பிடாது, கேட்டியா?"

"ஓடி ஓடி வத்தலாப் போனா எவன் வந்து இவளப் பாப்பான்?" என்று அம்மா தன் பங்குக்குச் சேர்த்தாள்.

பெண்பிள்ளை ஓடுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். வெகுகாலம் அப்படியே நினைத்து, மேடை கிடைத்தபோது பெண் விடுதலை பற்றி அவரை உதாரணமாக வைத்துப் பேசியும் இருக்கிறேன். இப்போது யோசித்தால் விஷயம் எளிது. மழை நாளில் மேல்தட்டுக்கு ஓட அவருக்கு வேறு ஆள் இல்லை. அக்காவுக்குத் தும்மல். அம்மாவுக்கு மூட்டு. அது கொள்கை இல்லை, ஆள் பற்றாக்குறை.

பத்தாம் வகுப்பு தொடங்கியது. முதல் மாதத் தேர்வில் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து அப்பா, "இது மார்க்கா, மழ பெய்த அளவா?" என்றார். நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்; அந்த மாதம் கணக்குப் பாடவேளைகளில் மழை அப்படிப் பெய்திருந்தது.

எங்கள் அண்டையில் நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே ஒரு ரோலர். பாலை உறையவைத்து எல்லாரும் அது நிற்கும் தகரக் கொட்டகைக்கு, ரோலர்ப்புரைக்குத்தான் கொண்டுவர வேண்டும். கணக்கு சாரும் வருவார். ஒருவர் ஷீட்டைக் கொடுக்க, இன்னொருவர் பிடியைச் சுற்ற வேண்டும். சாருக்குப் பிடி சுற்ற ஆளில்லை. நான் என் வாழ்க்கையின் முதல் ஒப்பந்தத்தைப் பேசினேன்.

"சார், நான் சுத்துறேன். நீங்க போர்டுல விட்டுட்டு ஓடுன கணக்கச் சொல்லுங்க."

"நான் எங்கட்டி ஓடினேன்?"

"நேத்து ஓடுனியளே சார். எக்ஸ்ஸ அந்தரத்துல விட்டுட்டு."

சார் புரைக்குள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு ஷீட்டை ரோலருக்குள் விட்டபடி, "செரி, எக்ஸ்ஸ இந்தப் பக்கம் கொண்டா" என்றார். நான் பிடியைச் சுற்றச் சுற்ற எக்ஸ் நசுங்கி, நீண்டு, மெலிந்து மறுபக்கம் வந்தது. கைக்கு வலிக்கிற கணக்கு எளிதில் மறக்காது என்பது அன்று தெரிந்தது. ஒரு கணக்குக்கு விடை தப்பாகச் சொன்னால் சார் திட்டமாட்டார்; இன்னொரு ஷீட்டை எடுத்துவருவார். அந்த வகையில் நான் தப்புச் செய்தது அவருக்கும் ஆதாயமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் ஆகஸ்ட் மாதம் பள்ளியில் வட்டாரப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. காப்பரீட்சை இன்னும் வரவில்லை; அப்பாவுக்குத் தெரியாமல் ஓடுவதென்று முடிவு செய்தேன். மைதானம் முழுக்கச் சரல் கல். போன வருடம் கால் கிழிந்து ஒரு வாரம் நொண்டினேன். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கேன்வாஸ் ஷூ இருந்தது. அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். ரப்பர். சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இந்த அலட்டல்? எங்கள் வீட்டில் வாளி வாளியாக இருக்கிறதே!

அன்று காலை எடுத்த பாலில் கால்களை முக்கினேன். குளிர்ந்து, வழுவழுவென்று, சுகமாக இருந்தது. வெளியே எடுத்து வெயிலில் நீட்டினேன். காய்ந்ததும் மறுபடி முக்கினேன். அப்படி மூன்று பூச்சு. ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் உறையும் என்று தெரியும், ஊற்றவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கால்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று, கல்யாணப் பெண்ணின் கையுறைபோல மின்னின. பள்ளிக்கு நடந்து போவதற்குள் செம்மண் பூசிக்கொண்டு பிறவி நிறத்துக்கு வந்துவிட்டன.

விசில் ஊதியது. ஒரு சுற்று பறந்தேன். ரப்பர் பாலுக்கு ஒரு குணம் உண்டு: சூடு ஏறினால் ஒட்டும். இரண்டாவது சுற்றில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. மூன்றாவது சுற்றில் குதிகாலில் கிழிந்து, ஒரு பக்கம் தரையில் ஒட்டிக்கொள்ள, மறுபக்கம் காலோடு இழுபட, நான் கால் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் "சப்" என்று சத்தம் வந்தது. நாலாவது சுற்றில் இடது கால் வலது காலோடு ஒட்டியது. விழுந்தேன்.

டீச்சர் ஓடிவந்தார். என் காலிலிருந்து நீள நீளமாக வெள்ளையாக ஏதோ உரிந்து தொங்குவதைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்வெட்டரும் ஊசியும் கீழே விழுந்தன.

"அய்யோ கர்த்தாவே! பிள்ளைக்குத் தொலி உரியுதே!"

"டீச்சர், அது தொலி இல்ல. பால்."

"பாலா? என்ன பால்?"

"நம்ம பால்தான் டீச்சர்."

டீச்சர் நாகர்கோவில்காரர்; நெல்வயல் பக்கம். அவருக்குப் புரியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "வீட்டுக்குப் போ பிள்ளே. ஒட்டுற வியாதியா இருந்தாலும் இருக்கும்" என்றார். ஒட்டுகிற என்பது மட்டும் உண்மைதான். என் பெயரை அடித்துவிட்டு வேறு இருவரைத் தேர்ந்தெடுத்தார். நான் வீட்டுக்குப் போய் கால் ரோமங்களோடு சேர்த்து ஷூவைக் கழற்றினேன். அப்போது நான் இழுத்த ராகத்தைக் கேட்டு அம்மா உள்ளேயிருந்து, "எவட்டி அது, ஆட்ட அறுக்கியது?" என்றாள்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் பாஸ் ஆனேன். தாண்டவில்லை, வேலிமேல் கால் வைத்து அந்தப் பக்கம் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் பாஸ். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செரி, ஓடு" என்றார். ஓட இடம் கொடுத்த அன்று ஓடுவதற்குப் பந்தயம் இல்லை. நான் பி.டி. டீச்சரிடம் போய், அது வியாதி இல்லை, ஷூ என்று விளக்கினேன். அது என்னைப் பற்றி அவருக்கிருந்த கவலையை இன்னும் அதிகமாக்கியது.

ஆனாலும் நான் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் டீச்சர் முன்னால் போய் நிற்பேன். "டீச்சர், பாருங்க" என்று கால்களைக் காட்டுவேன். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கொள்ளாம். போ" என்பார்; நன்றாக இருக்கிறதாம். காலையில் வாளியோடு ஓடினேன், சாயங்காலம் வாளி இல்லாமல் ஓடினேன். எண்ணிக்கைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரப்பர்க் காய்கள் வெயிலில் படார் படாரென்று வெடித்துக் கொட்டைகள் சிதறுகிற காலம் அது. கோழிமுட்டையில் பாதி அளவில், பழுப்பில் வெள்ளை வரியோடு, யாரோ உட்கார்ந்து வரைந்ததுபோல இருக்கும். கையில் ஐந்து கொட்டை. சுற்றுக்கு ஒன்று கீழே போட வேண்டும். கை காலியானால் பந்தயம் முடிந்தது. இதில் தப்பு வர வழியே இல்லை என்று கூட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், "நீ போடுவ. ஆனா போட்டியான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். அவள் பின்னாளில் வக்கீல் ஆனாள்.

அக்டோபர் கடைசியில், தேர்ந்தெடுத்த பெண்களில் ஒருத்திக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் பூசணிக்காய் ஆயிற்று. டீச்சர் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். "கால்ல ஒண்ணையும் பூசாம வா" என்றார்.

பந்தய நாள். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மைதானம். முந்தின ராத்திரி மழை பெய்திருந்ததால் அப்பா பட்டை காய்வதற்காக முற்றத்தில் காத்திருந்தார். நான் பள்ளிச் சீருடையில் வந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மலை துடைத்துவைத்ததுபோல இருந்தது.

"இன்னைக்கு மழ இல்ல. நீ போ மக்கா" என்றார்.

அம்மா துணி எடுக்கப் போனாள்.

கோட்டில் எனக்குப் பக்கத்தில் அதே கடற்கரைப் பள்ளிக்காரி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"நாலு ரவுண்டுக்காரிதானே நீ? இந்தத் தடவ எத்தனை ஓடுவே?"

"ஒன்ன முந்துற வர ஓடுவேன்."

"மணல்ல ஓடிப் பாத்திருக்கியா பிள்ளே? கால உள்ள இழுக்கும்."

"சரிவுல வாளியோட ஓடிப் பாத்திருக்கியா?"

"வாளியோடயா? என்னத்துக்கு?"

பதில் சொல்வதற்குள் விசில். தள்ளுமுள்ளில் யாரோ என் கையில் இடித்தார்கள். ரப்பர்க் கொட்டைகள் அத்தனையும் தரையில் சிதறின. குனிந்து பொறுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. ஓடினேன். முதல் சுற்றில் நடுவில். இரண்டாவதிலும் நடுவில். அதன்பிறகு அது இரண்டாவதா மூன்றாவதா என்ற சந்தேகத்தில் விழுந்து, யோசித்து, யோசித்ததால் பின்தங்கினேன். கடற்கரைக்காரி வெகு முன்னால், தூண்கள் இரண்டும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் ஒரு கும்பல் முதுகு. அலமாரியின் அந்த ஓரத்து இடத்தை நினைத்தேன். அது இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

அப்போது வளைவில் திரும்பினேன். முன்னால் தூரத்தில் மலை. மலை இல்லை, மலை இருந்த இடத்தில் கறுப்பு. எங்கள் வீடு அதற்குள்தான் எங்கோ. அப்பா வெட்டிவிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சிரட்டை பாதிகூட நிறைந்திருக்காது. மேல்தட்டுக்கு யார் ஓடுவார்கள்?

மைதானத்து ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையின்மேல் முதல் துளிகள் விழுந்தன. டக். டக். டகடகடக. எங்கள் ரோலர்ப்புரைக் கூரையின் அதே சத்தம்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வலது கை தானாக உடம்போடு ஒட்டி, இல்லாத வாளியைப் பிடித்துக்கொண்டது. இடுப்புக்கு மேலே ஆராதனை, கீழே சூறாவளி. மழைக்கு மற்றவர்கள் தலையைத் தாழ்த்தினார்கள், கண்ணைத் துடைத்தார்கள், இருவர் வழுக்கினார்கள். எனக்கு அந்த முதுகுகள் எல்லாம் மரங்களாகத் தெரிந்தன; ஒவ்வொன்றாகத் தாண்டினேன், அடுத்த மரம், அடுத்த மரம். கூட்டுக்காரி ஏதோ கத்தினாள். இந்த முறை நான் கையாட்டவில்லை. கடற்கரைக்காரியின் பின்னல் என் முகத்துக்கு நேராக ஆடியது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பார்த்ததில் அரை அடி இழந்தாள். நெஞ்சில் ஏதோ நூல்போலத் தட்டியது. நான் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, வளைவில் திரும்பாமல் நேராக ஓடி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, மைதானத்தின் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம்தான்.

பி.டி. டீச்சர் குடையோடு பின்னால் ஓடிவந்தார். என் வாழ்க்கையில் அவர் ஓடி நான் பார்த்தது இரண்டாவது தடவை.

"ஏட்டி! நில்லு! முடிஞ்சு போச்சு! நீதான் பர்ஸ்ட்! எங்கட்டி போறே?"

"பால் எடுக்கணும் டீச்சர்" என்றேன்.

மைதானமே சிரித்தது. கடற்கரைக்காரி முழங்காலில் கையூன்றி, மூச்சு வாங்கியபடி, சிரித்தபடி வந்தாள். "பிள்ளே, ஒன்ன யாரு அப்பிடித் தொரத்துனா?"

"மழ."

"மழயா? நாங்க மழயில கடல்லயே கெடப்போம். அதுக்கா இந்தப் பாய்ச்சல்?" என்று என் முதுகில் ஓர் அடி கொடுத்தாள். அந்த அடி இரண்டு நாள் வலித்தது. சந்தோஷமான வலி.

கப் என் சாண் உயரம்கூட இல்லை. இரண்டு காது, ஒரு பீடம், மஞ்சள் பூச்சு. இப்போது அது எங்கே என்று கேட்காதீர்கள். கொஞ்ச நாள் அலமாரியின் அந்த ஓரத்தில் இருந்தது. பிறகு ஆசிட் அளந்து ஊற்ற வாகாக இருக்கிறது என்று அப்பா ரோலர்ப்புரைக்குக் கொண்டுபோனார். ஆசிட் பூச்சைத் தின்றது, ஒரு காது உதிர்ந்தது, பிறகு ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வந்துபோன பின் அது இல்லை. எங்கள் அலமாரியிலேயே உழைத்துச் சாப்பிட்ட கப் அது ஒன்றுதான். அக்காவின் கப்புகள் இன்றும் அப்படியே சும்மா நிற்கின்றன.

ஆனால் அன்று சாயங்காலம் அது புதிது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு அதைத் தட்டிப் பார்த்தார். ஏற்றத்தில் இறங்கியபோதும் மழை விடவில்லை. குடை இல்லை. இருந்திருந்தாலும் விரித்திருக்கமாட்டேன், விரித்தால் கப் யாருக்கும் தெரியாதே. நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயிலில் காணிக்கைத் தட்டு கொண்டுபோவதுபோல ஏற்றம் முழுக்க நடந்தேன். ரோட்டில் ஒரு ஜீவன் இல்லை. மழைக்கு எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். ஒரு பசு மட்டும் பார்த்தது.

முற்றத்தில் அம்மா துண்டோடு நின்றாள். தலையைத் துவட்டிக்கொண்டே கப்பைப் பார்த்தாள். முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அது என் கற்பனை இல்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்த ஓட்டத்த இங்க ஓடியிருந்தா மேல்தட்டுப் பாலாவது கிடைச்சிருக்குமே பிள்ளே."

அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். முழுக்க நனைந்திருந்தார். பக்கத்தில் வாளி, அதில் பால் என்று சொல்லத் தயங்கும்படி ஏதோ ஒன்று, பழைய கஞ்சித் தண்ணீரின் நிறத்தில். அன்றைய பால் அத்தனையும் மண்ணுக்குப் போயிருந்தது. "மழ இல்ல" என்று காலையில் சொன்னவரிடம் அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கப்பை அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பெருவிரலால் பூச்சைத் தடவினார். பிறகு அவர், மழை தொடங்கியதிலிருந்து சிரட்டை சிரட்டையாகச் சாய்த்துப் பழகிப்போன கையால், அதை மெல்லச் சாய்த்தார். ஏற்றம் முழுக்க நான் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்த மழை, முற்றத்தில் கொட்டியது.

"இதுலயும் வெள்ளம்தானா மக்கா?" என்றார் அப்பா.